முப்பத்தேழாவது அழைப்பு

இந்த மாத்தே தேநீரில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது ஐயா. குறை சொல்லவில்லை, என் மனைவியும் இப்படித்தான் போடுவாள். இங்கே ஜனவரிதான் கோடை, இந்த வெயிலில் சூடாக ஏதாவது உள்ளே இறங்கி வேர்த்தால்தான் உடம்பு குளிரும். நீங்கள் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அதனால் எங்கள் பந்தயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லித்தான் ஆக வேண்டும். எழுதுகிறவரை மெதுவாகவே எழுதச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

என் பெயர் அனிசெத்தோ பசான். வயது நாற்பத்தேழு. முதலாளி தோன் சக்காரியாஸின் லாயத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குதிரை ஓட்டுகிறேன். இறந்துபோன லிசாந்த்ரோ என் மனைவி எர்மீனியாவின் கூடப்பிறந்த தம்பி. அவனும் அதே லாயத்தில்தான் ஓட்டினான். என்மேல் புகார் கொடுத்திருப்பது எர்மீனியா. அதை நீங்கள் படித்துக் காட்டியதற்கு நன்றி. பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். ஒரு சொல் மட்டும் உறுத்துகிறது. ‘சூழ்ச்சி செய்து’ என்று போட்டிருக்கிறீர்கள்.

சூழ்ச்சி என்பது ரொம்பப் பெரிய சொல் ஐயா. நான் செய்கிற காரியத்துக்கு இந்த ஊரில் ஏகப்பட்ட பெயர் உண்டு. என் பக்கம் நின்று ஜெயித்தவர்கள், ‘அனிசெத்தோ மாதிரி காய் நகர்த்த ஆள் கிடையாது’ என்பார்கள். எதிர்ப்பக்கம் நின்று தோற்றவர்கள், ‘உள்ளடி வேலை பண்ணிட்டான்’ என்பார்கள். தோன் சக்காரியாஸ் ‘வளைச்சுப் போடறவன்’ என்று முதுகில் தட்டுவார். என் மாமியார் இருந்தவரைக்கும் ‘நெளிவு சுளிவு தெரிஞ்ச மாப்பிள்ளை’ என்று பக்கத்து வீட்டில் பெருமை பேசுவாள். செய்தது என்னவோ எல்லாத் தடவையும் ஒன்றேதான். நான் அதை இடம் பார்ப்பது என்று சொல்வேன். பஸ்ஸில் ஏறுகிறவன் எந்தப் பக்கம் வெயில் அடிக்காது என்று பார்த்து உட்காருவதில்லையா, அந்த மாதிரி.

சரி, பந்தயத்துக்கு வருகிறேன். நகரத்தில் நடக்கிற மாதிரி எட்டுக் குதிரை பத்துக் குதிரை எங்களுக்குக் கிடையாது. இரண்டே குதிரை, இரண்டே ஆள், நானூறு மீட்டர் நேர்பாதை. சேணம்கூடப் போடுவதில்லை. கிளப்பி விடுவதற்குத் துப்பாக்கியும் இல்லை. இரண்டு பேரும் குதிரையை மெல்ல நடத்திக்கொண்டு சேர்ந்தாற்போல் கோட்டுக்கு வருவோம். ஒருவன் ‘போலாமா?’ என்று அழைக்க வேண்டும். மற்றவனுக்குச் சம்மதமென்றால் ‘போலாம்’ என்பான். அந்தச் சொல் விழுந்த கணமே பந்தயம் தொடங்கிவிட்டது. அவன் வாயைத் திறக்கவில்லையென்றால், இரண்டு குதிரையையும் இழுத்துப் பிடித்துத் திருப்பிக்கொண்டு போய், மறுபடியும் முதலிலிருந்து வர வேண்டும். யார் அழைப்பது, யார் பதில் சொல்வது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வோம்.

பதில் சொல்கிறவன் ஏன் சொல்லாமல் இருப்பான் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் எப்போதும் இருக்கும். என் குதிரை அரைத்தலை பின்தங்கியிருக்கும். காது பின்னால் மடங்கியிருக்கும். காலை மாற்றி வைத்திருக்கும். காரணம் ஒரு பக்கம் இருக்கட்டும், உண்மையான பந்தயமே அங்கேதான் நடக்கிறது. ஒவ்வொரு தடவை வரும்போதும் எதிராளியின் குதிரை பாயத் தயாராகும். ஒவ்வொரு தடவையும் அவன் அதை முழுப் பலத்தோடு இழுத்துப் பிடிக்க வேண்டும். பத்துத் தடவை போனால் குதிரை நுரை தள்ளும், இருபது தடவை போனால் ஆளுக்குக் கை நடுங்கும். நானூறு மீட்டர் ஓடுவது வெறும் இருபத்து நாலு வினாடி வேலை. என் குதிரை ஊரிலேயே வேகமான குதிரையாக எந்த வருஷமும் இருந்ததில்லை. ஆனாலும் நான் ஜெயித்திருக்கிறேன்.

லிசாந்த்ரோவுக்கு இந்தப் பொறுமை வராது. அவனுக்கு வயது இருபத்தொன்பது, பெரிய தோள், பெரிய சிரிப்பு. இரண்டாவது மூன்றாவது அழைப்பிலேயே கிளம்பிவிடுவான், அப்படியும் ஜெயித்துவிடுவான். நாலு வருஷமாக அவன் பெயரைத்தான் கத்துகிறார்கள். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையிலும் நல்ல துண்டு அவன் தட்டுக்குத்தான் போகும். எர்மீனியா வேண்டுமென்று செய்வதில்லை, கை தானாக அந்தப் பக்கம் போகும். எனக்கு அது வலித்தது ஐயா. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

போன டிசம்பரில் தோன் சக்காரியாஸ் லாயத்தைத் துக்குமான் நகரத்துக்கு மாற்றப்போவதாகச் சொன்னார். ஒரு ஓட்டுபவனை மட்டும்தான் கூட்டிப் போவார். மற்றவனுக்கு இங்கே வேலை கிடையாது, கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான். நாற்பத்தேழு வயதில் கரும்பு வெட்டுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அப்புறம் அவர், நீங்கள் இரண்டு பேரும் ஒரு பந்தயம் ஓடுங்கள், ஜெயித்தவன் என்னோடு வரட்டும் என்றார். நியாயமான ஏற்பாடு.

பந்தயத்துக்கு முன்னால் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது எங்கள் வழக்கம். தானியக் கடையில் உட்கார்ந்து எழுதினோம். முதலில் நான், ‘மாப்ளே, குதிரைய நீ எடுத்துக்கோ’ என்றேன். இரண்டும் தோன் சக்காரியாஸின் குதிரைதான், அதில் சாம்பல் குதிரை வேகம், பழுப்புக் குதிரை கிழம். லிசாந்த்ரோவுக்கு நம்ப முடியவில்லை.

‘நெசமாத்தானா அத்தான்? அப்புறம் வருத்தப்படாதீங்க.’

‘சின்னவன் நீ, உனக்கு விட்டுக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கப் போறேன்?’

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அதற்குப் பிறகு நான் கேட்டதை யாரும் மறுக்கவில்லை. சாம்பல் குதிரை இளசு, அதற்குப் பாரம் ஆகாது, அதனால் ஓட்டுகிறவன் எடை ஐம்பத்தாறு கிலோவைத் தாண்டக் கூடாது என்று எழுதச் சொன்னேன். பந்தயத்துக்கு முன்னாலும் நிறுக்க வேண்டும், முடிந்த பிறகும் நிறுக்க வேண்டும் என்று சேர்த்தேன். நான் எப்போதுமே ஐம்பத்தைந்து. அவன் அறுபத்தொன்று.

வழக்கமாக அந்தத் தாளில் ஒரு வரி இருக்கும். இருபது அழைப்புக்குள் கிளம்பவில்லையென்றால் கோட்டு நடுவர் கொடியைக் காட்டிக் கிளப்பி விடலாம் என்று. அதை அடிக்கச் சொன்னேன். ‘ஒரே குடும்பத்து ஆளுங்க நாங்க, எங்களுக்கு நடுவுல கொடி எதுக்கு?’ என்றேன். நடுவர் ஒவிதியோவுக்கு அது பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்தார். லிசாந்த்ரோதான் சிரித்துக்கொண்டே, ‘அத்தான் எத்தன தடவ வேணும்னாலும் இழுக்கட்டும் ஒவிதியோ, சாயங்காலத்துக்குள்ள ஒரு தடவ போலாம்னு சொல்லித்தானே ஆகணும்’ என்று கையெழுத்துப் போட்டான்.

பந்தய நாள் ஜனவரி இருபது, புனித செபஸ்தியார் திருநாள். மாமூலாக ஐந்து மணிக்கு மேல்தான் குதிரை விடுவோம், வெயில் தாழ்ந்த பிறகு. நான் பாதிரியாரைப் போய்ப் பார்த்தேன். செபஸ்தியார் ஊர்வலம் இருட்டில் முடிவதால் வயதானவர்கள் தடுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் முன்னால் வைத்தால் புண்ணியமாகப் போகும் என்றேன். நல்ல மனுஷர், நாலரை மணிக்கு வைத்துக்கொண்டார். சாமி புறப்படுகிற நேரத்தில் குதிரை விட முடியாதே, பந்தயம் இரண்டு மணிக்கு வந்தது. அந்த நேரத்தில் இந்த ஊரில் நாய்கூட வெளியே வராது என்பது உங்களுக்கும் தெரியும். அதோடு பாதையில் எந்தப் பக்கம் என்று கேட்டபோது, குதிரையை அவனுக்கு விட்டதால் பக்கம் எனக்கு என்றேன். குதிரையைத் திருப்புகிற இடத்தில் என் பக்கம் மூன்று மலைவேம்பு நிற்கிறது. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் ஒரு நிமிஷம் நிழல் கிடைக்கும். அவன் பக்கம் வெறும் பொட்டல்.

இதில் எது சூழ்ச்சி, சொல்லுங்கள். எல்லாம் வெளிச்சத்தில் நடந்தது, பத்துப் பேர் முன்னால்.

அவன் சிறுநீரகம் கெட்டுப்போயிருந்தது எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். டிசம்பர் கடைசியில் சந்தியாகோவுக்கு டாக்டரிடம் போய் வந்தான். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், எடையைக் குறைக்கிறேன் என்று இனி உடம்பைக் காயப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னாராம். அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். எர்மீனியா என்னிடம் சொன்னாள். சோளத்தை உரித்துக்கொண்டிருந்தாள், குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

‘யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. தோன் சக்காரியாஸ் காதுல விழுந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாரு.’

‘நான் ஏன் சொல்லப் போறேன்’ என்றேன்.

பந்தயத்துக்கு முந்தின பத்து நாள் அவன் என்ன செய்தான் என்பதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஆட்டுத்தோலைச் சுற்றிக்கொண்டு உச்சி வெயிலில் தொழுவத்தைச் சுற்றி ஓடினான். கடைசி இரண்டு நாள் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினான், விழுங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மேஜையில் உட்கார்ந்து எலுமிச்சைத் தோலைச் சப்பிக்கொண்டிருந்தான். நான் எதிரே சூப் குடித்தேன். நான் குடிக்கக் கூடாது என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை.

திருநாள் அன்று காலையில் எர்மீனியா என் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள். தைத்துக்கொண்டே, ‘என்னங்க, அஞ்சாறு தடவையில முடிச்சிடுங்க. நீங்க ஜெயிச்சாலும் சரி, அவன் ஜெயிச்சாலும் சரி, ரெண்டு பேரும் எனக்குத் திரும்பி வந்தாப் போதும்’ என்றாள். நான் ‘சரி’ என்றேன். அதை அவள் வாக்கு என்று புகாரில் சொல்லியிருக்கிறாள். அது வாக்கு இல்லை ஐயா. காதில் விழுந்தது என்பதற்காக ‘சரி’ சொன்னேன்.

எடை போட்டோம். நான் ஐம்பத்தைந்து, அவன் ஐம்பத்தாறு, துல்லியமாக. உதடு வெடித்திருந்தது, இருந்தாலும் சிரித்தான். சீட்டில் அழைக்கிற பொறுப்பு அவனுக்கு விழுந்தது, பதில் எனக்கு. அதில் மட்டும் என் கை எதுவும் இல்லை. வேறு விதமாக விழுந்திருந்தால் அவன் இன்றைக்கு உயிரோடு இருப்பான் என்று நினைக்கிறேன்.

முதல் பத்து அழைப்பு எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. பாதையோரம் நின்றவர்கள் கேலி செய்தார்கள். ‘அனிசெத்தோ, வீட்டுல கேட்டுட்டு வந்து பதில் சொல்றியா?’ என்று ஒருத்தன் கத்தினான். லிசாந்த்ரோவும், ‘என்ன அத்தான், இன்னிக்கு வாய்க்குப் பூட்டா?’ என்றான். இருபது தாண்டியதும் கேலி நின்றது. ஒவிதியோ என்னைக் கூப்பிட்டு, ‘போதும்டா அனிசெத்தோ, கிளம்பித் தொலைங்க’ என்றார். தாளைப் பாருங்கள் என்றேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, அவருக்கே தெரியும் அதில் கொடி இல்லையென்று.

இருபத்தாறாவது தடவை திரும்பியபோது லிசாந்த்ரோவுக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. அது நல்லதல்ல என்று குதிரையோடு பழகிய எவனுக்கும் தெரியும். குதிரைக்கு அப்படியானால் நாங்கள் உடனே இறங்கித் தண்ணீர் ஊற்றுவோம்.

இருபத்தொன்பதில் எர்மீனியா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு மண் ஜாடியோடு கோட்டுக்கு வந்தாள். ‘ஒரு வாய் குடிச்சுக்கடா’ என்று அவனிடம் நீட்டினாள். அவன் கை நீட்டினான். நான் ஒவிதியோவைப் பார்த்து, முடிந்த பிறகும் எடை போட வேண்டும், தண்ணீருக்கும் எடை உண்டு, குடித்தால் அவன் தோற்றதாக எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். சத்தம்கூடப் போடவில்லை. லிசாந்த்ரோ கையை இழுத்துக்கொண்டான். துக்குமான் வேலை அவனுக்கும் வேண்டியிருந்ததே. எர்மீனியா என்னைப் பார்த்தாள். கல்யாணமான பத்தொன்பது வருஷத்தில் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஜாடியைக் கீழே வைக்காமல் அங்கேயே நின்றாள்.

முப்பத்து மூன்றாவது தடவை அவன் ‘போலாமா’ என்று கேட்கவில்லை. குதிரையை என் பக்கம் ஒட்டிக்கொண்டு வந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னான்.

‘அத்தான், நீங்களே ஜெயிச்சுக்குங்க. நான் குதிரையப் புடிச்சு நிறுத்திக்கறேன், கடைசி வரைக்கும் உங்க பின்னாலயே வரேன். சொல்லிடுங்க அத்தான், போதும்.’

‘அது தப்பு மாப்ளே. சும்மா குடுத்து ஜெயிக்கிறது எனக்குப் பழக்கமில்ல.’

இதை எர்மீனியா உங்களிடம் சொல்லியிருக்க முடியாது, அவளுக்குக் கேட்கவில்லை. இதைத் தெரிந்தவன் இப்போது நான் ஒருத்தன்தான். நானாகச் சொல்கிறேன், ஒளிக்க எனக்கு எதுவும் இல்லை என்று நீங்கள் புரிந்துகொள்வதற்காக.

அந்த இடத்தில் நான் சம்மதித்திருந்தால் துக்குமான் எனக்குத்தான். அதையும் யோசித்தேன். ஆனால் அடுத்த மாதம் உடம்பு தேறி வந்து, அத்தானுக்கு நான்தான் விட்டுக் கொடுத்தேன் என்று எங்காவது சிரித்துக்கொண்டே சொல்லுவான். சொல்லாமல் இருக்க மாட்டான், அவன் வாய் அப்படி. அப்புறம் எல்லாரும் அவன் பெயரைத்தான் கத்துவார்கள், என் வீடு உள்பட. அவனாக இறங்கவும் மாட்டான், நடுவில் இறங்கியவன் என்று பெயர் வந்தால் அப்புறம் எந்த லாயத்திலும் அவனைக் குதிரை ஏற்ற மாட்டார்கள்.

முப்பத்தேழாவது தடவை வந்தபோது அவன் குதிரைப் பிடரியில் கவிழ்ந்திருந்தான். கடிவாளம் கையில் இருந்தது, கையில் பிடி இல்லை. கோட்டுக்கு வந்ததும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். ‘தண்ணி’ என்றான். அவ்வளவுதான். ‘தண்ணி, அத்தான்.’

நான் ‘போலாம்’ என்றேன்.

சாம்பல் குதிரைக்கு அந்தச் சொல் தெரியும். குட்டியிலிருந்து அந்தச் சொல்லுக்குத்தான் பழக்கியிருக்கிறோம். முப்பத்தாறு தடவை அடக்கி வைத்த பாய்ச்சலையெல்லாம் சேர்த்துப் பாய்ந்தது. நூறு மீட்டர் வரைக்கும் அவன் அதன்மேல் இருந்தான், எப்படி என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் பக்கவாட்டில் சரிந்தான். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஜெயித்ததாகக் கணக்காக வேண்டுமென்றால் கோட்டைத் தாண்ட வேண்டும். மிச்சத்தை மெதுவாகவே ஓட்டினேன், பழுப்புக் குதிரைக்கு வயதாகிவிட்டது.

பிறகு தராசுக்குப் போனேன். முடிந்த பிறகும் நிறுக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவனைத் தூக்கிக்கொண்டு மலைவேம்பு நிழலுக்குப் போனார்கள், நான் தராசில் ஏறி நின்றேன். ஒவிதியோ அழுதுகொண்டே, ‘எறங்குடா, ஒன் மச்சினன் செத்துட்டு இருக்கான்டா’ என்றார். முள் நிற்கிறவரைக்கும் இருந்து, எடையை எழுதச் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன். எர்மீனியா அவன் தலையை மடியில் வைத்திருந்தாள். தண்ணீர் அவன் வாயில் இறங்கவில்லை, ஓரமாக வழிந்துவிட்டது. ஜாடி பக்கத்தில் இருந்தது. எனக்கும் தாகம், இரண்டு மணிநேர வெயில். எடுத்துக் குடித்தேன். அதையும் புகாரில் எழுதச் சொல்லியிருக்கிறாள். அது எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது நீங்கள் கேட்ட இரண்டு கேள்விக்கு வருகிறேன். அவன் நோயைத் தோன் சக்காரியாஸிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பந்தயமே இல்லாமல் வேலை எனக்குக் கிடைத்திருக்குமே, அதை ஏன் செய்யவில்லை என்றீர்கள். எப்படி ஐயா செய்வேன்? யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எர்மீனியாவிடம் சொல்லியிருந்தேன். ஒருத்தர் நம்பிச் சொன்னதை வெளியே விடுகிற ஆள் நான் இல்லை.

இரண்டாவது, அவள் என்னிடம் அதைச் சொன்னது என்றைக்கு என்பது. செவ்வாய்க்கிழமை. பந்தயப் பேச்சு எழுந்தது புதன்கிழமை காலை. தோன் சக்காரியாஸ்தான் முதலில் கேட்டார் என்று சொன்னேன் இல்லையா, அதைத் திருத்திக்கொள்ளுங்கள், அவரைக் கேட்டால் எப்படியும் சொல்லிவிடுவார். அவர் லிசாந்த்ரோவைக் கூட்டிப் போவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். நான்தான் விடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய், ஒரே ஒரு பந்தயம் வையுங்கள், எனக்கு அது போதும் என்று கேட்டேன். போகிற வழியிலேயே ஐம்பத்தாறு கிலோ என்று மனதில் போட்டு வைத்திருந்தேன். கொடியையும் அப்போதே யோசித்துவிட்டேன். ஜெயிப்பதற்காக மட்டும் என்றால் ஐம்பத்தெட்டே போதும். ஐம்பத்தெட்டு என்றால் அவன் பிழைத்திருப்பான்.

எழுதிவிட்டாரா? சரி. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், அந்தச் சொல்லையும் அப்படியே விட்டுவிடுங்கள், அவள் ஆசைப்பட்டுப் போட்டது. ஆனால் விரோதத்தில் செய்தேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை. அத்தான் அத்தான் என்று உயிராக இருந்தவன். அவன் மட்டும் இன்றைக்கு இருந்திருந்தால், என் பக்கம் சாட்சி சொல்ல அவனைத்தான் கூப்பிட்டிருப்பேன்.